படத்தின் மேல் தமிழ் எழுத்து: புதிதாய்த் தொடங்குகிறவர்களுக்கு

2009-இல் ஓர் இரவு ஒன்பது மணிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேலை ஒன்று என் மேஜைக்கு வந்தது. விடிவதற்குள் சுவரில் ஒட்ட வேண்டும். இறந்துபோன அம்மாவின் பெயர் 'செ' என்று தொடங்கும். வாசகத்தை வெளிநாட்டில் இருந்த உறவினர் யாரோ மின்னஞ்சலில் அடித்து அனுப்பியிருந்தார்கள். அதை அப்படியே வெட்டிப் படத்தின் மேல் ஒட்டினேன். ஒளிப்படத்தைச் சுத்தம் செய்யவும், ஓரத்தில் இருந்த நிழலை எடுக்கவும், மாலையைச் சரியாகப் பொருத்தவும் இரண்டு மணி நேரம் செலவழித்தேன். எழுத்துக்கு இரண்டு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை.

காலையில் அந்த அம்மாவின் மகன் போஸ்டரை விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "அக்கா, அம்மா பேரு தப்பா இருக்கே" என்றார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 'ச' முதலில் நிற்க, அதன் முன்னால் இருக்க வேண்டிய கொம்பு பின்னால் போய் அடுத்த 'ல'வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க நூறு சுவரில் அந்தப் பெயர் அப்படியே இருந்தது.

கோவில்பட்டியில் டிடிபி வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லியும் கொடுக்கிறேன். வருகிற எல்லாரும் முதல் நாளே நிழல், பளபளப்பு, தீப்பிடித்த மாதிரி எழுத்து, இதைத்தான் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். பட மென்பொருள்கள் எல்லாமே ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. வரி இடைவெளி, எழுத்து இடைவெளி, சாய்வு, ஓரக்கோடு என்று அதில் முதலிலேயே போட்டு வைத்திருக்கும் அளவு எதுவும் தமிழின் உடம்புக்குத் தைத்த சட்டை இல்லை. அளவெடுத்துப் பிடித்துத் தைக்க வேண்டியது நாம்தான்.

ஒரே ஓர் உதாரணத்தோடு போவோம். ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவும், ஏ4 தாளில் எடுத்துக் கதவில் ஒட்டவும் ஓர் அறிவிப்பு வேண்டும். தலைப்பு 'கதை கேட்க வாங்க'. கீழே நாள், நேரம், இடம், வயது. பின்னணியில் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படம். மென்பொருள் கிம்ப், காசு கிடையாது, எந்தக் கணினியிலும் நிறுவலாம். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு அங்கங்கே தனியாகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்து உடையாமல் வரட்டும்

வாசகத்தைப் படத்தின் மேல் நேரடியாக அடிக்காதீர்கள். நோட்பேடிலோ செல்பேசிக் குறிப்பிலோ முழுவதையும் யூனிகோடில் (இப்போது செல்பேசியும் இணையமும் பயன்படுத்தும் எழுத்துமுறையில்) அடித்து, வாய்விட்டுப் படித்து, பிழை திருத்திய பிறகு கிம்புக்குக் கொண்டுவாருங்கள். தமிழ் 99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகினால் கை தானாக ஓடும். செல்பேசியில் குரலில் சொல்லி எழுத வைக்கிறவர்கள் ஒற்றுகளை ஒருமுறைக்கு இரண்டு முறை பாருங்கள், அங்கேதான் விழும்.

பிடிஎஃப்பிலிருந்து வெட்டி எடுக்கும் வாசகத்தை நம்பவே நம்பாதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும்; ஒட்டியதும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பத்து வரிதானே, மறுபடி அடித்துவிடுவது வேகம்.

இன்னொரு விதமான உடைசலும் வரும். பழைய கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில ஜே, கே, பி, ஓ, பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பதறாதீர்கள், அது பாமினியில் அடித்தது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் மிஞ்சுவது வெறும் ஆங்கிலம்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகும் ஒருமுறை படியுங்கள்.

கிம்பில் 'டி' விசையைத் தட்டினால் எழுத்துக் கருவி வரும். படத்தின் மேல் சொடுக்கி, எந்த வேலைக்கும் முன்னால் இந்தச் சோதனை வரியை அடிக்கச் சொல்வேன்: 'கொடி, தேங்காய், மௌனம், கூழ், ளு, டீ, ஸ்ரீ'. 'கொ'வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கிறதா? 'டீ' ஒரே உருவமாக வருகிறதா? 'கூ'வின் சுழிப்பு உடையாமல் இருக்கிறதா? எங்கேயாவது புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் எட்டிப் பார்த்தால், அங்கே ஓர் உயிர்க்குறி தன் மெய்யைத் தேடிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். கிம்பில் இந்த வரி சரியாகவே வரும். ஃபோட்டோஷாப்பில் சில பதிப்புகளில் பிரெஃபரன்சஸுக்குள் டைப் என்ற பகுதிக்குப் போய், எழுத்து அமைக்கும் இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்ற வேண்டியிருக்கும். புதிய பதிப்புகளில் அதன் பெயர் வேர்ல்டு ரெடி லேஅவுட். ஏற்கெனவே அடித்து வைத்த வரிகள் அதனால் மாறாது. அவற்றைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பலகத்தின் மூலையில் இருக்கும் பட்டியலைத் திறந்து, அங்கேயும் அதையே குறியிடுங்கள்.

2009-இல் இந்த ஒரு வரியை நான் அடித்துப் பார்த்திருந்தால் போதும்.

கண்ணை ஏமாற்றும் ஒரு பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஔவையார் என்று எழுதும்போது பலர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்துவிடுகிறார்கள். சின்ன எழுத்தில் வித்தியாசம் தெரியாது. தலைப்பாகப் பெரிதாக்கியதும் 'ஒளவையார்' என்று ஐந்து எழுத்தாகப் பிரிந்து நிற்கும். 'ஔ' ஒரே எழுத்து; விசைப்பலகையில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது.

எழுத்துரு ஒன்று போதும்

விண்டோஸில் நிர்மலா கூடவே வரும், பழைய பதிப்புகளில் லதாவும். படிக்கக் குறை இல்லை, ஆனால் ஊரில் பாதி அறிவிப்புகள் அவற்றில்தான் இருக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் திறந்த உரிமத்தில் நிறையக் கிடைக்கும். கடை வேலைக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம். என் கையில் எப்போதும் இருப்பவை நான்கு. முக்த மலர்: மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஏழு எடைகள், எந்த வேலைக்கும் தாங்கும். நோட்டோ செரிஃப் தமிழ்: தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும், கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி மாதிரி நிதானமான வேலைக்கு. பலூ தம்பி: உருண்டு திரண்டு இருக்கும், குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் கை அங்கேதான் போகும். கட்டமரன்: நேரான நவீன உருவம், ஒன்பது எடைகள்.

நம் அறிவிப்புக்குத் தலைப்பு பலூ தம்பி, மற்றதெல்லாம் முக்த மலர். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரே எழுத்துருவின் இரண்டு எடைகளை வைத்தே முழு வேலையையும் முடித்தால் இன்னும் நல்லது. ஒரே நோட்டீஸில் ஆறு எழுத்துரு இருந்தால், ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற கல்யாண வீடு மாதிரி யார் சொல்வதும் காதில் விழாது.

எழுத்துருக் கோப்பை வலது சொடுக்கி, எல்லாப் பயனர்களுக்குமாக நிறுவுங்கள். கிம்ப் அப்போது திறந்திருந்தால் எழுத்துருப் பலகத்தின் அடியில் இருக்கும் புதுப்பிக்கும் பொத்தானை அமுக்குங்கள், இல்லையென்றால் கிம்பை மூடித் திறங்கள்.

தடித்த எழுத்து வேண்டுமென்றால் எழுத்துருப் பட்டியலில் போல்டு என்று தனியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பில் போலித் தடிப்பு, போலிச் சாய்வு என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. இருக்கிற உருவத்தையே ஊதிப் பெரிதாக்குவதும் தள்ளிச் சாய்ப்பதும்தான் அவற்றின் வேலை. ஊதினால் 'ழ', 'ஞ', 'ண' இவற்றின் உள்வெளி அடைபடும். சாய்ப்பதும் தமிழின் வழக்கம் இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் நமக்குக் கிடையாது. ஒரு சொல்லை எடுத்துக்காட்ட நம் கையில் இருப்பது எடை, அளவு, நிறம் மூன்றும்தான். மூன்றையும் ஒரே சொல்லில் கொட்டாதீர்கள், ஒன்று போதும்.

அளவு

வாட்ஸ்அப்புக்கு 1080 அகலம், 1350 உயரம் பிக்சலில் ஒரு பரப்பு எடுங்கள். ஏ4 அச்சுக்குத் தனியாக 2480-க்கு 3508; அது அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு. சின்னதில் செய்து பிறகு அச்சுக்காகப் பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு நூல் பிரிந்த துணி மாதிரி ஆகிவிடும். அச்சும் வேண்டும் என்று தெரிந்தால் பெரியதில் செய்து, பிறகு சின்னதாக்கிக்கொள்ளுங்கள்.

பாயின்ட் என்பது ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 300 பிக்சல் இருக்கிற பரப்பில் 12 பாயின்ட் எழுத்து என்றால் 50 பிக்சல். இந்தக் கணக்கு தெரிந்தால் திரையில் பெரிதாகத் தெரிவது தாளில் ஏன் குட்டியாக வருகிறது என்ற குழப்பம் தீரும்.

1080 அகலப் பரப்பில் நான் தொடங்கும் அளவு: தலைப்பு 150 பிக்சல், நாளும் நேரமும் 72, மற்ற விவரம் 46. ஒவ்வொரு படிக்கும் இடையில் கண்ணுக்கு உடனே தெரிகிற வித்தியாசம் வேண்டும். 46-உம் 50-உம் பக்கத்தில் நின்றால் ஏதோ தவறிப் போனது போலத்தான் தெரியும். 46-க்குக் கீழே எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் படத்தை ஒரு பாட்டி கண்ணாடியைத் தேடாமல் படிக்க வேண்டும். பேரனைக் கூட்டிக்கொண்டு வரப்போவது அவர்தான்.

வைத்த பிறகு உங்கள் செல்பேசிக்கே அனுப்பி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். முதல் பார்வையில் தலைப்பும் இரண்டாவதில் நேரமும் தெரிந்தால் அளவு சரி.

ஃபிளெக்ஸ் என்றால் கணக்கு வேறு. ஆறடிக்கு நாலடிப் பலகையை உண்மை அளவில், அங்குலத்துக்கு 72 பிக்சல் வைத்துச் செய்தால் 5184-க்கு 3456. எழுத்து ஓர் அங்குலம் உயரம் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்று பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு. தமிழில் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுவேன். எழுத்துருவின் அளவு 100 என்று போட்டால் 'க'வின் உயரம் 100 இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். மேலே விலங்குக்கும் ('கி', 'கீ'யின் தலையில் வரும் வளைவு) கீழே சுழிக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதுதான் 'க'வுக்கு. அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள்.

இன்னொன்று: கிம்பில் எழுத்தைப் பெரிதாக்க ஸ்கேல் கருவியைத் தொடாதீர்கள். எழுத்து வெறும் படமாக மாறி மங்கிப்போகும், பிறகு வாசகத்தைத் திருத்தப் போனால் பெரிதாக்கியதும் போய்விடும். எழுத்துக் கருவியின் அளவுப் பெட்டியில் எண்ணை மாற்றுங்கள்.

வரிக்கும் வரிக்கும் நடுவில்

ஒரு நோட்டீஸ் வீட்டில் செய்ததா, தொழில் தெரிந்தவர் செய்ததா என்று நான் பார்ப்பது இந்த இடத்தில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் பழைய அச்சுக்கோப்பவர் ஒருவர் இருந்தார். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஈய எழுத்துகளைக் கோத்து, வரிக்கும் வரிக்கும் நடுவில் மெல்லிய ஈயப் பட்டைகளைச் செருகுவார். இன்று மென்பொருளில் வரி இடைவெளிக்கு லீடிங் என்று பேர் வந்ததே அந்த ஈயத்தால்தான். பட்டையைச் செருகும் முன் மேல் வரியின் அடியையும் கீழ் வரியின் தலையையும் விரலால் தடவுவார். ஒருமுறை என்னையும் தடவச் சொன்னார். "மேல இருக்கவன் காலு கீழ இருக்கவன் தலையில பட்டா சண்டை வரும்லாம்மா" என்றார்.

அதை இப்போது திரையில் செய்து பாருங்கள். எழுத்துக் கருவியில் இரண்டு வரி அடியுங்கள்: மேலே 'குழு முழுவதும்', கீழே 'கீரி நீந்தி'. மேல் வரியில் 'கு', 'ழு', 'மு', 'து' எல்லாம் காலைக் கீழே நீட்டும். கீழ் வரியில் 'கீ', 'ரி', 'நீ', 'தி' எல்லாம் தலைக்கு மேல் வளைவைத் தூக்கும். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் 'ழு'வின் கால் 'ரி'யின் விலங்கைத் தொட்டு, இரண்டு வரியும் ஒரே முடிச்சாகிவிடும். ஆங்கிலத்தில் கீழே நீட்டும் எழுத்துகள் நான்கைந்துதான். நமக்கு உகர ஊகார வரிசையே அப்படி. மெய்யெழுத்தின் புள்ளி வேறு, தலைக்கு மேல் காற்று கேட்கும்.

ஃபோட்டோஷாப் தானாக வைக்கும் இடைவெளி எழுத்து அளவில் 120 சதவீதம். பத்தியாக ஓடும் தமிழுக்கு நான் 140-இலிருந்து 150 வரை வைப்பேன். வரிகளைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் விசையோடு மேல், கீழ் அம்பை அமுக்கினால் இடைவெளி மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிம்பில் கருவி விருப்பங்களில் வரி இடைவெளிக்கு ஒரு பெட்டி இருக்கும். அங்கே சுழியம் என்பது அந்த எழுத்துரு தன்னோடு கொண்டுவந்த இடைவெளி. நீங்கள் போடும் எண் அதோடு கூடும், கழித்தல் குறி போட்டால் குறையும். தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் கொண்டுவந்த இடைவெளியே தாராளமாக இருக்கும், அங்கே குறைக்கத்தான் வேண்டியிருக்கும். அதனால் எண்ணை மனப்பாடம் செய்து பயனில்லை. உங்கள் வரிகளில் எந்தக் கால் எந்தத் தலைக்கு மேல் வருகிறது என்று பார்த்து வையுங்கள்.

தலைப்பு இரண்டு வரியாக வந்தால் நெருக்கலாம். 'கதை கேட்க' மேலே, 'வாங்க' கீழே. மேல் வரியில் காலை நீட்டும் எழுத்து எதுவும் இல்லை. கீழே மேல்விலங்கு இல்லை, 'ங்' தலையில் ஒரு புள்ளி மட்டும். தைரியமாக நெருக்கி ஒரே சொல்கட்டு மாதிரி ஆக்கிவிடலாம். அதே இடத்தில் 'கோடை விழாவுக்கு / வாருங்கள்' என்று தலைப்பு இருந்தால் 'கு' இடம் கேட்கும்.

பிதுக்காதீர்கள், இழுக்காதீர்கள்

தமிழ்ச் சொற்கள் நீளம். 'ஒருங்கிணைப்பாளர்' என்று ஒரு சொல் வந்தாலே பாதி அகலம் போய்விடும். உடனே கை செய்வது எழுத்தைப் பக்கவாட்டில் பிதுக்குவது. அப்படிப் பிதுக்கினால் நிற்கிற கோடு மெலியும், படுக்கிற கோடு மெலியாமல் தடித்துத் தெரியும், வட்டச் சுழி நெல்லாகும். இடம் போதவில்லையா? அளவைக் குறையுங்கள், குறுகலாகவே வரைந்த எழுத்துருவைத் தேடுங்கள், இல்லையென்றால் வாசகத்தைச் சுருக்குங்கள். 'அனைவரும் வருக வருக என அன்புடன் அழைக்கிறோம்' என்பதை 'வாங்க' என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுத்துக்கு நடுவில் இடைவெளி கூட்டுவதும் ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம். 'கொ' என்ற ஓர் எழுத்துக்குள்ளே மூன்று உருவம் இருக்கிறது: கொம்பு, 'க', கால். இடைவெளியைக் கூட்டும்போது சில மென்பொருள்களில் அந்த மூன்றுக்கும் நடுவிலும் விரிசல் விழும். படிக்கிற கண் எழுத்தைத் திரும்பக் கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். சுழியத்திலேயே விட்டுவிடுங்கள். பெரிய தலைப்பில் இரண்டு எழுத்துக்கு நடுவில் மட்டும் பள்ளம் தெரிந்தால், அங்கே கர்சரை வைத்து ஆல்ட் விசையோடு இடது அம்பை அமுக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். கிம்பிலும் ஃபோட்டோஷாப்பிலும் இதே விசைதான்.

இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று ஜஸ்டிஃபை போடுவதையும் விட்டுவிடுங்கள். நீளச் சொல் அடுத்த வரிக்குத் தாவியதும், மிச்சமிருக்கும் இரண்டு சொல் வரியின் இரண்டு ஓரத்துக்கு ஓடிவிடும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும். வரியை எங்கே உடைப்பது என்பதையும் மென்பொருளிடம் விடாமல் நீங்களே என்டர் தட்டி முடிவு செய்யுங்கள். 'ஞாயிறு காலை / 10.30' என்று நேரம் தனியாக விழக் கூடாது. முன்னெழுத்து ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் நின்றால் சம்பந்தப்பட்டவருக்கு மனம் நோகும். '5 முதல் 10 வயது' என்பது ஒரே மூச்சில் சொல்வது, ஒரே வரியில் இருக்கட்டும்.

படத்தோடு எழுத்து சண்டை போடாமல் இருக்க

வேப்பமரப் படத்தில் இலை, வெயில், நிழல் எல்லாம் இருக்கிறது. அதன் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் வெயில் விழுந்த இடத்தில் கரைந்துவிடும், கறுப்பு வைத்தால் நிழலில் மறைந்துவிடும். பலர் இங்கேதான் எழுத்தைச் சுற்றித் தடிமனாக ஒரு கோடு போட ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் படத்தை அடக்கிப் பாருங்கள். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் புதிய அடுக்கு (லேயர்) ஒன்று சேர்த்து, கரும்பச்சையை நிரப்பி, ஒளிபுகாத் தன்மையை (ஒபாசிட்டி) 60 சதவீதத்துக்குக் குறையுங்கள். முழுப் படமும் இருண்டால் பிடிக்கவில்லையா, எழுத்து இருக்கும் கீழ்ப்பாதியில் மட்டும் கிரேடியன்ட் கருவியால் அடர்த்தியிலிருந்து ஒன்றுமில்லாமல் போகும்படி இழுத்துவிடுங்கள். பிள்ளைகளின் முகம் மேலே வெளிச்சமாகவே இருக்கும்.

நிறம் போதுமா என்று தெரிந்துகொள்ள, கலர்ஸ் பட்டியலில் டீசாச்சுரேட் கொடுத்து எல்லாவற்றையும் சாம்பலாக்கிப் பாருங்கள். பார்த்ததும் கன்ட்ரோல் இசட். சிவப்பின் மேல் பச்சை நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது சாம்பலில் காணாமல் போனால், நிறம் பிரித்துப் பார்க்க முடியாத ஒருவருக்கு அது அப்படித்தான் தெரியும். இணையப் பக்கங்களுக்கான அணுகல் வரையறையில் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்று வேறுபாடு கேட்கிறார்கள். இரண்டு நிறங்களைக் கொடுத்தால் இந்த விகிதத்தைச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன.

இவ்வளவுக்கும் பிறகு ஓரக்கோடு வேண்டும் என்றால் போடலாம். எழுத்து அடுக்கை வலது சொடுக்கி ஆல்ஃபா டு செலக்ஷன் கொடுங்கள். செலக்ட் பட்டியலில் குரோ என்று 4 பிக்சல். எழுத்துக்குக் கீழே ஒரு புதிய அடுக்கு, அதில் கறுப்பு நிரப்புங்கள். இப்போது கோடு எழுத்துக்கு வெளியே மட்டும் வளரும். எழுத்தின் உள் தடிமனைத் தின்னாது. ஃபோட்டோஷாப்பின் ஸ்ட்ரோக்கிலும் அவுட்சைடு என்பதையே எடுங்கள்.

எவ்வளவு தடிமன் தாங்கும் என்பதை 'வாங்க'வில் இருக்கும் 'ங்' சொல்லிவிடும். திரையை நானூறு சதவீதம் பெரிதாக்கி அதன் புள்ளியைப் பாருங்கள். 4 பிக்சலில் புள்ளியைச் சுற்றி ஒரு வளையம், எழுத்தைச் சுற்றி ஒரு கரை, நடுவில் பின்னணி கொஞ்சம் தெரியும். 8-இல் இரண்டு கரையும் ஒட்டும். 14-க்குப் போனால் புள்ளி எழுத்தின் தலையில் முளைத்த கட்டி மாதிரி ஆகி, தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது 'ங'வா 'ங்'கா என்று தெரியாது. எண்கள் எழுத்துருவையும் அளவையும் பொறுத்து மாறும். உங்கள் வாசகத்தில் புள்ளி வைத்த எழுத்து எதுவோ அதைப் பார்த்து, கரைகள் ஒட்டுவதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிழலும் அப்படித்தான். மெல்லியதாக, எழுத்தின் அடியிலேயே, எல்லா வரிக்கும் ஒரே திசையில்.

சேமிக்கும்போது

கிம்பில் எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப்பில் பிஎஸ்டி: அடுக்குகள் பிரிந்தே இருக்கும் இந்த மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்து வைக்காமல் வேறு எதுவும் செய்யாதீர்கள். நேரம் மாறிவிட்டது என்று நூலகர் நாளைக்குக் கூப்பிடுவார். அனுப்புவதற்கு பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக்கில் எழுத்தின் விளிம்பைச் சுற்றித் தூசி படிந்த மாதிரி வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கும், அச்சகத்துக்கு அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள்.

எழுத்து அடுக்குகளைத் திறந்தபடியே கொடுத்தால், அங்கே உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்றில் மாறி அச்சாகிவிடும். அதனால் எல்லா அடுக்கையும் ஒன்றாக்கிய பிரதியைக் கொடுங்கள், மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். ஆஃப்செட் அச்சுக்குச் சின்னக் கறுப்பு எழுத்து இருந்தால் கறுப்பு மை மட்டும் வைத்து அமைக்கச் சொல்லுங்கள். நான்கு மையையும் கலந்த கறுப்பில், தட்டு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் எழும்பும்.

அனுப்பும் முன்

நீங்கள் அடித்ததை நீங்களே படித்தால் பிழை கண்ணில் படாது. மனதில் இருப்பதைத்தான் கண் படிக்கும். பக்கத்தில் இருக்கிற யாரையாவது கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வாய் தடுமாறும் இடத்தில் ஏதோ இருக்கிறது. 'முயற்சி'யில் 'ற்'றுக்குப் பின்னால் இன்னொரு ஒற்று நுழைந்திருக்கிறதா? தேதியும் கிழமையும் நாட்காட்டியில் ஒத்துப்போகிறதா? செல்பேசி எண் பத்து இலக்கம் இருக்கிறதா? அந்த எண்ணுக்கு ஒருமுறை கூப்பிட்டே பார்த்துவிடுங்கள்.

பெயர்களுக்கு மட்டும் நான் வேறு மாதிரி செய்கிறேன். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பின்னோக்கிப் படிப்பேன். அப்படிப் படிக்கும்போது சொல் மறைந்துபோய் எழுத்து மட்டும்தான் நிற்கும். கொம்பு இடம் மாறியிருந்தால் உடனே தெரியும். என்னிடம் பழகும் பிள்ளைகளில் ஒருத்தி போன வாரம் கேட்டாள், "அக்கா, கம்ப்யூட்டர்தான் இப்ப சரியா காட்டுதே, இன்னும் எதுக்கு விரல வச்சுப் பாக்குறீங்க?" என்று. அன்றைக்கு வந்திருந்த நினைவஞ்சலிப் படத்தை அவள் பக்கம் திருப்பி, "நீயும் ஒரு தடவை பாத்துரும்மா" என்றேன். பார்த்தாள். தகப்பனார் பெயரின் நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.